அசுரர் படைக்கு மீன் சுமந்தவர்கள்

பூதப்படைகளையும் அரக்கர் சேனைகளையும் பற்றிய கதைகளை வாசிக்கையில் நாம் போர்க்களத்தை நோக்கியே விரைகிறோம். ஆயின் ஒரு படை களம் காணுமுன் பல்லாண்டுகள் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், படைக்கலம் வடிக்க வேண்டும். பகைவர் அறியாவண்ணம் இவை யாவும் நடைபெற வேண்டுமெனின் இடர் இன்னும் பெரிது. படையை மலைக்குகையில் மறைத்து வைக்கலாம். அது உண்ணும் உணவை மறைத்தல் அரிது. அவ்வுணவை எவரோ விளைவிக்கிறார். எவரோ சுமந்து வருகிறார். அந்த 'எவரோ' யார் எனக் காட்டும் கதையே தீமையை உள்ளபடி அறிந்த கதை என்பது நம் துணிபு.

இவ்வளவுகோலை இரு படைப்புகளின்மீது வைத்துப் பார்ப்போம். ஒன்று, கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணம். மற்றொன்று, கத்தோலிக்கரான டோல்கின் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்' என்னும் ஆங்கிலப் புனைகதை.

கந்தபுராணம் நமக்கு அயலான நூலன்று. சூரபதுமனின் தலைநகரான வீரமகேந்திரம், திருச்செந்தூருக்கு அப்பால் தென்கடலின் நடுவே இருந்ததாகப் பாடப்படுகிறது. திரேஸ்புரத்திலிருந்து நாம் நாள்தோறும் காணும் கடலின் தொடர்ச்சியே அது. அசுரப்படையின் தோற்றத்தையும் கச்சியப்பர் கமுக்கமாகவே அமைத்துள்ளார். தேவரிடம் தோற்ற அசுர குலத்தின் பெண்ணொருத்திக்குச் சுக்கிரன் மாயக்கலைகளைக் கற்பித்து, மாயை எனப் பெயரிட்டுக் காசிபரின் தவச்சாலைக்கு அனுப்புகிறான். அங்கே சூரபதுமனும் உடன்பிறந்தோரும் பிறக்க, வியர்வையிலிருந்து அசுரர் வெள்ளம் வெள்ளமாகத் தோன்றுகின்றனர். முனிவரின் குடில் படைவீடாகி விடுகிறது.

ஆயினும் வியர்வையில் பிறந்தோருக்கும் பசி உண்டன்றோ? புலவர் இதை மறக்கவில்லை. ஆட்சியைப் பிடித்த சூரபதுமன், தேவர்களைக் கடல்மீன் சுமந்து வருமாறு ஏவுகிறான். அமுதம் உண்டவர்கள் மீன்சுமை தாங்கி, பழிக்கு நாணிப் புலம்புகின்றனர். அண்டங்கள் ஆயிரத்தெட்டையும் ஆளும் பேரரசின் அடித்தளத்தில் ஒரு மீன்சுமை இருக்கிறது. இதைக் கண்டு சொன்ன புலவரின் கூர்மையைப் போற்றுகிறோம்.

டோல்கினிடம் வருவோம். சாருமன் என்னும் மந்திரவாதி, ஐசென்கார்டு என்னும் தன் கோட்டைக்குள் கொடும்படை ஒன்றை வளர்க்கிறான். பக்கத்துக் காட்டின் மரங்கள் அவன் உலைகளுக்கு விறகாகின்றன. கோட்டை வீழ்ந்தபின், அதன் பண்டகசாலையிலிருந்து இரு சிறு புகையிலைப் பீப்பாய்கள் கிடைக்கின்றன. அவை ஷயர் என்னும் எளிய உழவர் நாட்டின் விளைபொருள். அந்நாட்டவரான இரு இளைஞர் மகிழ்ந்து புகைக்கின்றனர்; அரகார்ன் என்னும் வீரனோ, இவ்வளவு தொலைவுக்கு இது எவ்வாறு வந்தது என ஐயுறுகிறான். ஐயம் மெய்யாகிறது. ஷயரிலேயே ஒருவன் ஆதாயம் கருதிச் சரக்கை விற்று வந்தான். சாருமனின் கை அவ்வழியே அந்நாட்டினுள் நுழைந்திருந்தது. காவலர் கண்ணுக்குத் தப்பிய கமுக்கத்தை ஒரு பீப்பாய் வெளிப்படுத்தி விடுகிறது.

தீமை என்பது தனக்கென ஓர் இருப்பு இல்லாதது, நன்மையின் குறைவே அது எனப் புனித அகுஸ்தினார் கற்பித்தார். டோல்கினின் புனைவும் இதையே அடியொற்றுகிறது: இருளின் தலைவன் போலி செய்வானேயன்றிப் புதிதாக எதையும் படைக்க இயலாது. படைக்க இயலாதவன் பிறர் விளைச்சலைக் கொண்டே வாழ வேண்டும். எனவேதான் மோர்டோர் என்னும் அவன் நாட்டின் தெற்கே, நூர்னென் ஏரிக்கரையில், அடிமைகள் உழும் வயல்கள் இருப்பதாக ஆசிரியர் குறிப்பிடுகிறார். அரசன் வேண்டுமெனக் கேட்ட மக்களிடம், அவன் உங்கள் புதல்வரைத் தன் தேர்ப்படைக்கும் புதல்வியரைச் சமையலுக்கும் எடுத்துக்கொள்வான் என இறைவாக்கினர் சாமுவேல் எச்சரித்ததும் இதே உண்மையைத்தான்.

இருவரிடமும் ஒவ்வொரு குறை உண்டு. டோல்கினின் அடிமைகளுக்கு முகமில்லை, குரலில்லை. அவர்களுக்கு நூலில் கிடைப்பது ஓரிரு வரிகளே. கச்சியப்பரின் தேவர்களோ வாய்விட்டு அழுகின்றனர். சுமையின் கனம் நம் தோளிலும் இறங்குகிறது. ஆனால் அவ்வழுகையில் அடிமைத்தனத்தின் துயரத்தோடு மீனின் இழிவும் கலந்து நிற்கிறது. மீன் சுமத்தலே பழி எனில், நம் கரையில் விடியுமுன் கூடை சுமக்கும் தாய்மார்கள் செய்வது என்ன? அவர்களது உழைப்பில் இழிவில்லை. பிறருக்காக அதைப் பறிப்பதில்தான் இழிவு உண்டு. திருத்தூதர் சிலரை வலைகளின் நடுவிலிருந்து அழைத்த ஆண்டவரின் அடியாராகிய நாம் இவ்வேறுபாட்டைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவிலும் இருவரும் வேறுபடுகின்றனர். சூரபதுமன் வீழ்ந்தபின் தேவர்கள் விண்ணுலகம் மீள்கின்றனர், மீன்சுமை மறக்கப்படுகிறது. டோல்கினின் புதிய மன்னனோ மோர்டோரின் அடிமைகளை விடுவித்து, நூர்னென் ஏரியைச் சூழ்ந்த நிலத்தை அவர்களுக்கே உரிமையாக்குகிறான். நூலில் ஒரே வரிதான். ஆயினும் நீதி நிறைவேறும் வரி அது.

இக்கேள்வி கற்பனையோடு முடிவதன்று. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குச் சென்றதையும், காயல் துறையில் அயல்நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதையும் எழுதினார். குதிரைப்படையின் பெருமையைப் பாடிய கல்வெட்டுகளும் மெய்க்கீர்த்திகளும் உண்டு; மூச்சடக்கி மூழ்கியவனைப் பாடியவர் எவர்?

கதை எழுதும் நம் இளைஞர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். அசுரனின் பற்களையும் படையின் தொகையையும் எழுதுமுன், அப்படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது எனக் கேளுங்கள். சுமந்தவருக்குப் பெயரும் குரலும் கொடுங்கள். விற்றுவிட்டு வாய்மூடியிருந்தவரையும் விட்டுவிடாதீர்கள். வாசிக்கும் நாமும், நம் கைப்பொருள் எப்படைக்கு உணவாகிறது எனக் கேட்கக் கற்றுக்கொள்வோம்.