சூளைக்குப் போன பிள்ளைகள் பெரியவர்கள் ஆனபின்

தை பிறந்ததும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் சில தெருக்கள் வெறிச்சோடிவிடும். மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்பியிருக்கும். ஊரில் ஆயா இருப்பாள். பள்ளிக்கூடம் போகிற பேரனோ பேத்தியோ அவளோடு இருந்தால் உண்டு. இல்லையென்றால் அந்தப் பிள்ளையும் சூளையில்தான். மழைக்காலம் நெருங்கும்போது எல்லோரும் திரும்பி வருவார்கள். அடுத்த ஆண்டும் இதேதான்.

இப்படி வளர்கிற பிள்ளை முப்பது, நாற்பது வயதில் என்ன ஆகிறது? வறுமையும் நிலையில்லாத குடும்பமும் சேர்ந்து ஒரு மனிதரை எப்படி உருவாக்குகின்றன என்று உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறது. அதில் பெயர்பெற்ற சில ஆய்வுகள் இதே மாவட்டத்து மேல்மலையனூரைச் சுற்றியே நடந்தவை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் இங்கே இல்லை.

பெரிய பெயர்களிலிருந்து தொடங்கலாம். சமூகவியலாளர் கிளென் எல்டர், 1920-21இல் பிறந்த 167 ஓக்லண்ட் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து 1974இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கப் பெருமந்தத்தில் அப்பனுக்கு வேலை போனபோது பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதே அவருடைய கேள்வி. வருமானம் விழுந்ததைவிட, விழுந்தபின் வீட்டுக்குள் நடந்ததுதான் பிள்ளையைத் தொட்டது என்பது அவர் கண்டது. 1998இல் ஃபெலிட்டி, அண்டா குழுவினர் வெளியிட்ட சான் டியாகோ ஆய்வு வேறு வழியில் போனது. அடி, வசவு, வீட்டில் குடி என்று சின்ன வயதுத் துன்பங்களைப் பட்டியல் போட்டு எண்ணியது. நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் பல மடங்கு என்று காட்டியது. பிறகு பெற்றோர் பிரிவும் அதில் சேர்ந்தது. இன்று உலகமெங்கும் ஆலோசகர்கள் கையில் வைத்திருப்பது இந்தப் பட்டியல்தான். காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தாரிடம் எடுத்த கணக்கு அது. குடும்பத்துக்கு என்ன வருமானம், எவ்வளவு கடன் என்ற கேள்வியே அதில் கிடையாது.

இந்தப் பட்டியலைச் சூளைக்கு எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? அங்கே புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு ஜோடி. அட்வான்ஸ் அந்த ஜோடிக்குத்தான். வெயிலுக்கு முந்திக்கொள்ள நள்ளிரவு தாண்டியதுமே கல் அறுக்க உட்காருவார்கள். காய்கிற பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவது பிள்ளைகளின் வேலை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாராவாரம் செலவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். சீசன் முடியும்போது அட்வான்ஸைக் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு நேராகாவிட்டால் பாக்கி அடுத்த சீசனுக்குப் போகும். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் இந்தக் கணக்கு பல இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சரி, “பெற்றோர் பிரிந்தார்களா?” என்று கேட்டால் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். கடன் ஜோடியின் பேரில் இருக்கும்போது எப்படிப் பிரிவது? ஆண்டில் ஆறு மாதம் வீடே இல்லாமல் போவதும், அம்மாவை விட்டு ஆயாவிடம் இருப்பதும் பட்டியலில் வராது. காகிதத்தில் அது நிலையான குடும்பம்.

நம் மண்ணில் நடந்த ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது கரும்பு ஆய்வு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை ஊர்களைச் சுற்றிய 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்தார்கள். கரும்புப் பணம் மொத்தமாக ஒருமுறை வருவது. அறுவடைக்கு முன் கையில் காசு இருக்காது, நகை அடகுக்குப் போகும். அறுவடைக்குப் பின் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரே ஆளுக்கு இரண்டு காலத்திலும் அறிவுச் சோதனை வைத்தபோது, காசில்லாத காலத்தில் மதிப்பெண் குறைந்தது. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. மாறியது கைக்காசு மட்டும்தான்.

பால்யத்தின் பாதிப்பைப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. முப்பது வயதுக்காரர் ஒருவர் முன்கோபியாக, எதையும் திட்டமிடாதவராக இருக்கிறார் என்று வையுங்கள். அது சின்ன வயதில் பட்ட வடுவா, நாளைக்கு வட்டி கட்டவேண்டிய நெருக்கடியா? ஓக்லண்ட் பிள்ளைகளுக்குப் பெருமந்தம் ஒரு நாள் முடிந்தது. அதனால் முன், பின் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. சூளைப் பிள்ளைக்கு எதுவும் முடியவில்லை. அப்பா வாங்கிய அட்வான்ஸின் இடத்தில் இப்போது அவனே வாங்கிய அட்வான்ஸ் நிற்கிறது. இதைப் பிரிக்காமல் ‘பால்ய வடு’ என்று எழுதுவது, இன்றைய கூலியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கிற வழி என்றே எனக்குப் படுகிறது. (464 பேரும் சொந்தமாகக் கரும்பு பயிரிட்டவர்கள், வெட்டப் போகிறவர்கள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.)

மேல்மலையனூருக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தது அங்காளம்மனுக்காக. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கிருந்தெல்லாமோ பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டத்தில் தலைவிரி கோலமாகச் சில பெண்கள் இருப்பார்கள். ஸ்தல புராணமே கையில் கபாலம் ஒட்டிக்கொள்ள, பிச்சையெடுத்துத் திரிந்த சிவனின் கதைதான். இந்த வட்டாரத்தில் பேயோட்டும் சடங்குகளைக் கவனித்து மானுடவியலாளர் இசபெல் நபோக்கோவ் எழுதிய நூல் 2000இல் வந்தது. பேய் பிடித்தவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பெண்கள், பிடித்தது அகாலத்தில் செத்த வாலிபனின் ஆவி என்று கண்டார் அவர். மயிர்க்கற்றையை வெட்டிப் பேயைப் பிரித்து, பெண்ணை மீண்டும் மனைவியாக்குவதே சடங்கின் வேலை என்பது அவர் வாசிப்பு. நுட்பமானது, ஆனால் பெண்ணின் கதை அங்கே கல்யாணத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவள் எந்த வீட்டில், யாரிடம் வளர்ந்தாள்? இலங்கையின் கதிர்காமத்தில் சடை வளர்த்த துறவிகளைப் பற்றிக் கணநாத் ஒபயசேகர 1981இல் எழுதியபோது, பிறந்த வீட்டுச் சிக்கல்வரை பின்னோக்கிப் போனார். அந்தப் பொறுமையை மலையனூரில் இன்னும் யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1969 முதல் 1973 வரை வேலூர் வட்டாரத்தில் பிறந்தவர்களைப் பதிவு செய்து, பெரியவர்களானபின் 2,218 பேரைத் தேடிப் பரிசோதித்தது. பார்த்தது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற உடல்நிலையைத்தான். ஆனாலும் பிறப்பிலிருந்து பின்தொடர்வது இங்கே சாத்தியம் என்பதற்கு அது சாட்சி.

நாவல்காரர்கள் இந்தப் பின்தொடர்தலைத் தனி ஆளாகச் செய்தார்கள். இமையத்தின் ‘செடல்’, பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமி, குடும்பத்தைப் பிரிந்து கூத்தாடியாகி முதிரும்வரை கூடவே போகிறது. கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’யும் ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு அப்படித்தான் போகிறது.

நல்ல சேதியும் இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். ஏழ்மையும் குடும்பக் குழப்பமும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறியிருந்தார். அவர்களுக்குச் சின்ன வயதில் விடாமல் பற்றிக்கொள்ள ஒருவராவது இருந்தார். பல வீடுகளில் அது பாட்டி. பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போவது புறக்கணிப்பா, பாதுகாப்பா? இதை வெளியூர்ப் பட்டியல் வைத்து முடிவுசெய்ய முடியாது. 1982இன் சத்துணவும் 2022இன் காலை உணவும் ஆயாவின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகின்றன என்பது மட்டும் நிச்சயம். பிள்ளை ஊரிலேயே இருந்தால்தான் அதுவும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் விழுப்புரம், கடலூர் பகுதியின் 10 கிராமங்களில் 405 குடும்பங்களின் கடனையும் வேலையையும் வீடு வீடாகக் குறித்தார்கள். 2016-17இல் திரும்பிப் போனபோது அறிவுத்திறன், மனப்பாங்கு பற்றிய கேள்விகளையும் சேர்த்துக் கேட்டார்கள். 2020-21இல் மறுபடியும் போனார்கள். 2010இல் அந்த வீடுகளில் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று ஓட்டுரிமை இருக்கிறது. கல்யாணமும் கடனும்கூட வந்திருக்கலாம். அப்பன் அன்று எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினான் என்பது ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைத் தேடிப்போய், அந்த ஆறு மாதங்கள் யாரிடம் வளர்ந்தாய் என்ற ஒரு கேள்வியை இப்போதாவது அவர்கள் கேட்க வேண்டும்.