நெடுநல்வாடையில் கூதிர்க்கால மனைவாழ்வு

பத்துப்பாட்டுள் ஏழாவதாக அமைந்த நெடுநல்வாடையைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு முதல் இடர்ப்பாடு அதன் பருவத்திற்குப் பெயர் சொல்வதிலேயே தொடங்கிவிடுகிறது. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்கள்; ஏறத்தாழ அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரையிலான காலம். மேலை நாட்டு நாட்காட்டியில் அவ்விடத்தில் நிற்பது இலையுதிர் காலம். எனவே மொழிபெயர்ப்பாளர் சிலர் கூதிரை அச்சொல்லாலேயே பெயர்த்தனர். வேறு சிலர் குளிர்காலம் என்றனர். நம் வகுப்பறைகளில் 'இலையுதிர் காலம்' என்றவுடன் மாணவர் மனத்தில் எழும் காட்சி யாது? செந்நிற இலைகள், கம்பளிச் சட்டை, கணப்பின் அருகே சூடான பானம், குடும்பத்தார் ஒருங்கிருக்கும் மாலைப்பொழுது. படநூல்களும் திரைப்படங்களும் தந்த காட்சி இது.

இக்காட்சியில் பாதி பொருந்துகிறது என்பதே வியப்பிற்குரியது. நக்கீரர் பாடிய கூதிரிலும் நெருப்பு உண்டு. அடைத்த கதவு உண்டு. நறும்புகையும் விளக்கும் மாலையும் உண்டு. பொருந்தாதது இலை மட்டுமே. தமிழகத்து மரங்கள் இலை உதிர்ப்பது பின்பனியை ஒட்டிய காலத்தில்தான். மலேசியத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கும் இலை உதிர்வு என்பது பிப்ரவரி, மார்ச் திங்களில் ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்கும் காலமே. பால் குறையும், கூலியும் குறையும். அதனைச் சுவைக்கத்தக்க பருவமாக எந்தப் பால்வெட்டுத் தொழிலாளியும் நினைவுகூரக் கேட்டதில்லை. கூதிரோ நீர்ப்பருவம், வடக்கிலிருந்து வரும் காற்றின் பருவம். ஆண்டிறுதியில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளத்தைக் கொணரும் வடகிழக்குப் பருவக்காற்றும், மதுரையில் வாடை எனப்பெற்ற காற்றும் ஒரே பெருங்காற்றோட்டத்தின் கூறுகள். நம் மாணவர் இப்பருவத்தை முன்பே அறிவர். அயற்பெயர்தான் அதனை அவர்களிடமிருந்து மறைக்கிறது.

பெயர்ச் சிக்கல் ஒருபுறமிருக்க, இப்பாட்டைப் படிக்கும் முறையிலும் ஒரு குறை நிலவுகிறது. 188 அடிகள் கொண்ட இப்பாட்டில் ஏறத்தாழ முதல் 72 அடிகள் மழையையும் மாந்தரையும் மூதூரையும் பேசுகின்றன. அதன் பின்னரே அரண்மனையும் அரசியும் பாசறையும் இடம்பெறுகின்றன. முற்பகுதியை 'இயற்கை வருணனை' என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கிவிட்டு, அரசியின் துயரிலிருந்தே பாட்டு தொடங்குவதாகக் கொள்வது தேர்வு நோக்கிலான உரைகளில் பெருவழக்கு. ஆனால் மூதூர்ப் பகுதியில் பாடப்பெறுவது பெரும்பாலும் இயற்கையன்று, மனை. ஒவ்வொரு பருவமும் மாறும்போது ஒரு வீடு தன் பொருள்களை எவ்வாறு இடம் மாற்றி வைக்கிறது என்பதே அங்குப் பாடுபொருள்.

அக்காட்சிகளைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வடநாட்டிலிருந்து வந்த சந்தனக்கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் பயனின்றிக் கிடக்கின்றன. குற்றேவல் செய்வோர் வேறு நறுங்கூட்டுகளை அரைக்கின்றனர். மகளிர் கூந்தலில் மாலை மிகுதியாகச் சூடுவதில்லை. தகர விறகில் நெருப்பிட்டு, அகிலும் வெள்ளிய கண்டசருக்கரையும் கூட்டிப் புகைக்கின்றனர். தென்றலைப் பெறுவதற்கென மேல்மாடத்தில் அமைத்த வேனிற் பள்ளியின் கதவுகள் தாழிடப்பெற்றுள்ளன. குவிந்த வாயுடைய கன்னலில் உள்ள தண்ணீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பையே நாடுகின்றனர். கலத்தின் வாய் குவிந்தது, கலத்தின் வாய் விரிந்தது என இரண்டையும் அருகருகே வைத்த புலவர், மக்கள் ஒன்றைவிட்டு மற்றொன்றிடம் நகர்ந்ததைச் சொல்லிவிடுகிறார். 'மகிழ்ந்தனர்' என்னும் சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்வது விசிறி. கைத்திறம் மிக்க கம்மியன் செய்த சிவந்த வட்ட விசிறி சுருக்கப்பெற்று வளைந்த முளையில் தொங்குகிறது. அதன்மேல் சிலந்தி வெண்ணூல் பின்னியிருக்கிறது. சிலந்தி வலை ஒரு நாளில் கவனிப்பாரற்று நிலைபெறுவதன்று. கை படாமல் அவ்விசிறி பல நாள் தொங்கியிருத்தல் வேண்டும். பாட்டின் பெயரிலுள்ள 'நெடு' என்னும் அடைக்கு உரையாசிரியர் அரசியின் பிரிவுத் துயரால் நீண்டு தோன்றும் வாடை என விளக்கம் காண்பர். அந்நெடுமை அரசி தோன்றுவதற்கு முன்னரே, யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில், சிலந்தி நூலாக வந்துவிடுகிறது.

மாலைப்பொழுதைக் காட்டும் பகுதியும் அத்தகையதே. கதிரவன் தோன்றாத நாளில் பொழுதை எவ்வாறு அறிவது? மகளிர் பிச்சியின் அரும்புகளைத் தட்டில் இட்டு வைக்கின்றனர். அவை மலர்ந்து மணம் பரப்ப, மாலை வந்ததென அறிந்து, இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். மனையில் வாழும் புறாவுக்கு இந்த ஏற்பாடு இல்லை. அது தன் பெடையோடு இரை தேடப் போகாமல், இரவும் பகலும் தெரியாமல் மயங்கி, மாடத்துப் பலகையில் கால் மாற்றி நிற்கிறது. மூக்கால் பொழுதறியும் மகளிரையும் பொழுதறியாப் புறவையும் அடுத்தடுத்து வைத்தமை, மனைவாழ்வின் சிறு இன்பங்கள் எத்துணை அறிவோடு அமைத்துக்கொள்ளப்பட்டவை என்பதை உணர்த்துகிறது. ஆடல் மகளிர் யாழ் இசைக்க முற்படுவதும் இவ்வகையினதே: குளிரால் நரம்பின் குரல் திரிந்துவிட்டது, அதனைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பதப்படுத்திய பின்னரே பண் அமைகிறது.

ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். இந்நெருப்பு எல்லோருக்கும் ஒரே வகையில் கிடைப்பதன்று. பாட்டின் தொடக்கத்தில் வெள்ளத்தால் இடம்பெயர்ந்த கோவலர், கால்நடைகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் சென்று, நனைந்த மாலையோடு கையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு நடுங்குகின்றனர். கறவைகள் கன்றையே உதைக்கின்றன. நகரத்துத் தடவில் எரிவதும் நெருப்பே. அதன் அருகில் அகில் மணக்கிறது. நகரின் இன்பத்தைப் பாடுவதற்கு முன் இதனைப் பாடியாகவேண்டும் என நக்கீரர் கருதியது தற்செயலன்று என்பதே என் துணிபு. மூதூர்ப் பகுதியில் மக்கள் உண்ணும் காட்சியோ குழந்தைகளோ இல்லை என்பதையும் நோக்குக. பிற்காலத்தார் 'குடும்ப இன்பம்' என எளிதில் கூறிவிடும் ஒன்றை இப்பாட்டில் ஏற்றிக் காண்பது பொருந்தாது. இங்குள்ளது பொருள்களோடு மாந்தர் கொண்ட உறவு. தெருவில் மட்டும், தூறலைப் பொருட்படுத்தாமல், உடல்வலி மிக்க மாந்தர் கள்ளுண்டு திரிகின்றனர்.

மூதூர்ப் பகுதியில் சந்தனக்கல்லுக்கும் வேனிற் பள்ளிக் கதவுக்கும் புலவர் ஆளும் வினை 'துறத்தல்'. துறவுக்கும் பிரிவுக்கும் உரிய கனமான சொல்லை ஓர் அரைகல்லுக்கு அவர் வழங்குவானேன்? விடை பாட்டின் பிற்பகுதியில் உள்ளது. அரசியின் தோற்றத்தை அவர் பாடும் முறையும் ஒரு பட்டியலே. அதுவும் களைந்தனவும் மாற்றாக வந்தனவும் கொண்ட பட்டியல். முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது தாலிநாண் ஒன்றே தொங்குவதாக நச்சினார்க்கினியர் உரைப்பர். நீண்ட குழை நீங்கிய காதில் சிறு கடுக்கன். பொன்வளை அழுந்தித் தழும்பேறிய முன்கையில் சங்கு வளையும் காப்பு நூலும். பூவேலை செய்த துகில் இருந்த இடத்தில் மாசு படிந்த நூலாடை. வண்ணம் தீட்டப்பெறாத ஓவியம்போல் அவள் இருக்கிறாள். மூதூரின் சொல்லமைப்பு அப்படியே அரண்மனைக்குள் வந்திருக்கிறது: ஒன்று நீங்குகிறது, மற்றொன்று அவ்விடத்தில் நிற்கிறது.

வேறுபாடு ஒன்றுதான்; பாட்டின் உயிர் அதில் இருக்கிறது. முளையில் தொங்கும் விசிறி வேனிலில் மீண்டும் கைக்கு வரும். சந்தனக்கல் மீண்டும் நனையும். மேல்மாடத்துத் தாழ் ஒருநாள் திறக்கும். களைந்து வைத்த பொருள் திரும்பும் காலம் தெரிந்திருப்பதால்தான் கூதிர் அந்த மனைகளுக்கு இனிதாகிறது. அரசியின் பொன்வளை எப்போது முன்கைக்குத் திரும்பும் என்பதற்கு நாட்காட்டி இல்லை. முதிய செவிலியர் குறுமொழியும் நெடுமொழியும் பேசி, இன்றே வந்துவிடுவார் என ஆற்றுவிக்கின்றனர். கட்டிலின் மேற்கட்டியிலோ, மெழுகு பூசிய துணியில், மேடம் முதலாகிய வான்மண்டிலம் தீட்டப்பெற்றுள்ளது. அதில் திங்களைப் பிரியாத உரோகிணியை அவள் நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள். பருவங்களைப் புரட்டும் வான்சக்கரமே அவள் தலைக்குமேல் ஓவியமாக அசையாமல் நிற்கிறது. உரோகிணியைக் குறித்துப் பேசும் உரைகள் பல. அம்மண்டிலம் நகராதது என்பதைப் போதிய அளவு எவரும் பேசியதாகத் தோன்றவில்லை.

இவ்வாறு கொள்ளும்போது மூதூர்ப் பகுதி பின்னணியாக இராது, அளவுகோலாகும். ஊரார் எளிதாக நுகரும் சிறு இன்பங்களை வரிசைப்படுத்தி நமக்குப் பழக்கிய பின்னரே, அவற்றுள் எதனையும் நுகர இயலாத ஒருத்தியை, நாற்பது வயது நிரம்பிய களிற்றின் தந்தத்தால் செய்த கட்டிலின்மேல் புலவர் காட்டுகிறார். வகுப்பில் முதல் 72 அடிகளைச் சுருக்கிச் சொல்லிவிட்டு அரசிக்குத் தாவும் ஆசிரியர், மாணவரிடம் அவள் துயரை நம்பச் சொல்கிறாரே தவிர உணரச் செய்வதில்லை. அவ்வாறு நானும் சில ஆண்டுகள் கற்பித்தவன்.

விளக்குகளை மட்டும் பின்தொடர்ந்தாலும் இத்தொடர்பு புலப்படும். மூதூர் மனையில் இரும்பு விளக்கு. அரண்மனையில் யவனர் செய்த பாவை கையேந்திய விளக்கு. பாசறையில் பாண்டில் விளக்கு. முதல் இரண்டும் சுவர்களுக்குள் எரிகின்றன. தொல்காப்பியம் வாகைத்திணையில் கூதிர்ப் பாசறை எனத் தனித்துச் சுட்டும் அந்த வெளியில், வாடை வீசுந்தோறும் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. நள்ளிரவில் அரசன் உறங்கவில்லை. வேப்பந்தார் சூட்டிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே புண்பட்டோரைக் காட்டிச் செல்ல, முத்துமாலை தொங்கும் குடை தூறலைத் தடுக்க, சேறு படிந்த குதிரைகள் உடல் சிலிர்த்து நீர்த்துளிகளைச் சிதறுகின்றன. சிலரே உடன் வர, அவன் நடந்துகொண்டிருக்கிறான். பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.