சூரைச்செடியின் கீழ்: கிறிஸ்தவ நீதி மரபும் களைப்பும்

நீதிக்கான அழைப்பும் அதைச் சுமக்க முடியாத களைப்பும் வேதாகமத்தில் அருகருகே நிற்கின்றன. ஆடு மேய்த்தும் காட்டத்திப்பழம் பொறுக்கியும் பிழைத்த தெக்கோவா ஊர் ஆமோஸ், கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பெத்தேலுக்குப் போய், ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்பவர்களின் பண்டிகைகளையும் பாட்டுகளையும் கடவுள் வெறுக்கிறார் என்றார். அவருக்கு முந்திய நூற்றாண்டின் தீர்க்கதரிசி எலியாவோ, அரசி யேசபேலின் மிரட்டலுக்குத் தப்பியோடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். அவருக்குக் கிடைத்தது உபதேசம் அன்று; தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி அடை. தான் ஒருவனே மிச்சம் என்று அவர் போட்ட கணக்கு தப்பு, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி பிறகு ஓரேப் மலையில்தான் வந்தது. பின்வந்த கிறிஸ்தவ நீதிச் சிந்தனைப் பள்ளிகளை உரசிப் பார்க்க எலியாவின் இந்தக் கதையைவிட நல்ல உரைகல் இல்லை.

வட அமெரிக்காவின் குவேக்கர் சபையார் அவசரப்படாத பள்ளி. நியூ ஜெர்சித் தையல்காரர் ஜான் உல்மன், அடிமை வைத்திருந்த சக குவேக்கர்களின் வீடுகளுக்கே நடந்து போய்ப் பேசினார். அங்கே தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். 1772இல் அவர் பெரியம்மையால் இறந்தார். அடிமை வைத்திருப்பதைப் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் தடை செய்தது 1776இல்.

இங்கிலாந்தின் கிளாபம் வட்டம் என்ற கிறிஸ்தவ நண்பர் குழுவினர் நாடாளுமன்றத்தை நம்பினர். அடிமை வணிகத்துக்கு எதிராக அவர்களில் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 1791இல் 88க்கு 163 என்று தோற்றது. 1807இல் 283க்கு 16 என்று வென்றது. இடைப்பட்ட 16 ஆண்டுகளை அவர் தனியாகக் கடக்கவில்லை. நண்பர்கள் அக்கம்பக்கத்திலேயே குடியிருந்து வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர்.

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபையில் களைப்பு மறைக்கப்படவில்லை. பேருந்துகளில் நிலவிய நிறப்பாகுபாட்டுக்கு எதிரான மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின்போது, 1956 ஜனவரி 27 நள்ளிரவில் மிரட்டல் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. 27 வயது மார்ட்டின் லூதர் கிங்குக்கு அதன்பின் தூக்கம் வரவில்லை. சமையலறையில் காபி போட்டு வைத்துக்கொண்டு, கௌரவமாக விலகிக்கொள்ள வழி உண்டா என்று யோசித்தார். கோப்பை தொடப்படாமலே இருந்தது. தைரியம் தீர்ந்துவிட்டது என்று அங்கேயே வாய்விட்டு ஜெபித்தார். மூன்றாம் நாள் வீட்டின்மேல் குண்டு விழுந்தபோது அவர் நிதானமாக இருந்தார். இந்த இரவைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஆனால் 381 நாள் புறக்கணிப்பை ஓட்டியது அந்த அனுபவம் மட்டுமன்று. நடந்தே வேலைக்குப் போன பெண்களும், முறைவைத்து ஓடிய சுமார் 300 கார்களும், ஆலயங்களில் வாரம் இருமுறை கூடிய பாட்டுக்கூட்டங்களும் இல்லாமல் அது நடந்திருக்காது.

கத்தோலிக்கப் பள்ளிக்கு அடிப்படை, தொழிலாளர் நிலை பற்றிப் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1891இல் விடுத்த சுற்றுமடல். டோரதி டே 1933இல் நியூயார்க்கில் அதைச் சூப்புக் கிண்ணமாகவும் ஒரு சென்ட் பத்திரிகையாகவும் ஆக்கினார். பெருவின் குஸ்தாவோ குத்தியரஸ் 1971இல் எழுதிய விடுதலை இறையியல், கேள்வியையே திருப்பிப் போட்டது: ஏழைகள் உதவி பெறுகிறவர்கள் அல்லர், வரலாற்றை நகர்த்துகிறவர்கள். இந்த இடத்தில் ‘உதவி செய்து களைத்த நல்லவர்’ நடுமேடையை விட்டு இறங்க வேண்டியதாகிறது. சரியான இறக்கம்தான்.

இந்தியாவில் அந்தத் திருப்பத்தை மேலும் கூராக்கியது 1980களில் அர்விந்த் நிர்மல் தொடங்கிய தலித் இறையியல். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி அதன் முக்கியத் தளம். வெளியே இருக்கும் அநீதியை மட்டுமல்ல, திருச்சபைக்குள் இருக்கும் சாதியையும் அது தராசில் வைத்தது. இந்தப் பள்ளியின் வேலை இன்னும் பாக்கி. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகத்தான் பிரிந்து கிடக்கின்றன.