சாவடியில் ஒலித்த வயலின்

பார்ப்பதும் இரங்குவதும் வேறல்ல என்று தமிழ் ஒரு காலத்தில் கருதியிருக்க வேண்டும். பிறர் துன்பத்தின்மீது கண் ஓடும்போது பிறக்கும் அருளுக்குக் 'கண்ணோட்டம்' எனப் பெயரிட்டு, அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இன்றோ அச்சொல், ஒருவர் ஒன்றை நோக்கும் கோணம் என்ற அளவில் சுருங்கிவிட்டது. பாலஸ்தீன மக்கள் கடந்து செல்லும் இராணுவச் சோதனைச் சாவடிகளில் நின்று, பார்ப்பதையே பணியாக ஏற்றுக்கொண்ட பெண்களைப் பற்றிய எழுத்தையும் படங்களையும் அண்மையில் அடுத்தடுத்துக் காண நேர்ந்தபோது, இந்தப் பழைய சொல்லே நம் நெஞ்சில் திரும்பத் திரும்ப எழுந்தது.

'மக்சோம்' என்றால் எபிரேய மொழியில் தடை, சாவடி என்று பொருள். இரண்டாம் இன்டிபாதா எழுச்சி மூண்ட சில மாதங்களில், 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இஸ்ரயேல் பெண்கள் மூவர் 'மக்சோம் வாட்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பெண்கள் மட்டுமே இதில் உறுப்பினர். அவர்களுள் பலர் பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். இருவர் மூவராகச் சாவடிக்குச் செல்வார்கள். காலையில் ஒரு குழு, பிற்பகலில் ஒரு குழு. கையில் ஆயுதமில்லை, ஆணையிடும் உரிமையுமில்லை. குறிப்பேடு ஒன்று உண்டு. நிறுத்தி வைக்கப்பட்டவருக்காக மேலதிகாரியை அழைக்கத் தொலைபேசி ஒன்று உண்டு. எருசலேம் திருச்சபைத் தலைவர்களின் வேண்டுகோளை ஏற்று உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-இல் தொடங்கிய உடனிருப்புத் திட்டத்தின் தொண்டர்களும், பல நாடுகளிலிருந்து மூன்று மாத அளவுக்கு வந்து, விடியுமுன் பெத்லகேம் சாவடியில் நின்று, கடந்து செல்வோரை எண்ணியிருக்கிறார்கள்.

இப்பெண்களின் பெயரை உலகறியச் செய்தது ஒரு சிறு ஒளிப்படக் காட்சி. 2004 நவம்பரில், நாபுலுஸ் நகருக்கு அருகிலுள்ள பெயித் இபா சாவடியில் பாலஸ்தீன இளைஞர் ஒருவர் படைவீரர்கள் முன் நின்று வயலின் வாசிக்கிறார். பின்னால் மக்கள் காத்து நிற்கின்றனர். அமைப்பின் உறுப்பினர் ஒருவர் அதைப் படமாக்கினார். வாசிக்கச் சொன்னார்கள் என்றார் இசைஞர். தாமாகவே வாசித்தார் என்றது இராணுவம். காட்சி வெளியானதும் இஸ்ரயேல் சமூகமே அதிர்ந்தது. நாசி முகாம்களில் யூத இசைஞர்களை வாசிக்க வைத்த நினைவு பலருக்குள் எழுந்தது.

இங்கே சற்று நின்றுதான் செல்ல வேண்டும். அக்காட்சி ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தது? வயலின் இருந்ததால் என்பதே நம் எண்ணம். அதே இடத்தில் ஒரு கொத்தனார் தம் கரண்டியையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்காட்டும்படி நிறுத்தப்பட்டிருந்தால் யார் படமெடுத்திருப்பார், யார் கலங்கியிருப்பார்? அதற்கு முந்தைய மாதம்தான் காசாவின் ரபா நகரில், இராணுவக் காவல் நிலையொன்றின் அருகே பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்டாள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நெஞ்சு கூசுகிறது. தன் வீட்டு வரலாற்றின் முகச்சாயல் தெரிந்தபோதே மனச்சான்று விழித்தது. அந்நியனின் முகம் அந்நியமாகவே இருந்தவரை அது உறங்கியது. இதற்காக அம்மக்களை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. நாமும் அப்படித்தான் விழிக்கிறோம். ஆயினும் படத்தைப் படமாக மதிப்பிடும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது தன் அழகினாலேயே வழிதவறியது. பேச்சு முழுவதும் வயலினைப் பற்றியதாயிற்று, சாவடியைப் பற்றியதாகவில்லை.

இதனால்தான், அப்பெண்கள் நாள்தோறும் எழுதிய அறிக்கைகளே அவர்களின் உண்மையான இலக்கியம் என்று துணிந்து கூறுகிறோம். படிப்பதற்கு அவை சலிப்பூட்டுபவை. நேரம், வரிசையின் நீளம், திறந்திருந்த வழிகள் எத்தனை, திருப்பி அனுப்பப்பட்டவர் யார், அதற்குக் கூறப்பட்ட காரணம் என்ன. மறுநாளும் அதுவே, மறு ஆண்டும் அதுவே. ஆனால் சாவடியின் கொடுமை அதன் சலிப்பில்தானே இருக்கிறது! நேற்றுச் செல்லுபடியான அனுமதிச்சீட்டு இன்று செல்லாது. ஏன் என்று கேட்க ஆளில்லை. சாவடிகளின் சுழல்கதவுகளைப் பற்றிக் கட்டடக்கலை அறிஞர் எயல் வைஸ்மன் 2007-இல் வெளியான தம் நூலில் தரும் செய்தியும் இத்தகையதே. இஸ்ரயேலுக்குள் அக்கதவுகளின் கைகள் 75 முதல் 90 செ.மீ. நீளமுடையவை, சாவடிகளுக்கென அமைக்கப்பட்டவையோ 55 செ.மீ. மட்டுமே. மூட்டை சுமந்தவரும் குழந்தையை ஏந்திய தாயும் அதனிடையே சிக்கித் தவிக்கின்றனர். அங்கே எவரும் எவரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அளவுகோல் ஒன்றே போதுமானதாயிற்று. இதை எந்த ஒளிப்படமும் காட்டாது, எண்ணுகிறவர்களுக்கே தெரியும்.

யோவாவ் ஷமீரின் 'மக்சோமிம்' (2003) ஆவணப்படம் இந்த அறிக்கைகளுக்கு நெருங்கிய உறவு. எண்பது நிமிடப் படம், விளக்கவுரை இல்லை, மழை, பனி, கூச்சல், காத்திருத்தல் மட்டுமே. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதன்மைப் பரிசு பெற்றது. ஒரு காட்சியில் இளம் வீரன் ஒருவன், எதிரே இருப்போர் விலங்குகள், தாங்களே மனிதர்கள் என்று புன்னகையோடு விளக்குகிறான். அவனை வெறுப்பது எளிது. ஆனால் படம் அவனைவிட அச்சமூட்டும் ஒருவனையும் நமக்குக் காட்டுகிறது: பணிவாகவே பேசி, வருத்தத்தோடு 'முடியாது' என்று திருப்பி அனுப்பும் நல்ல பையன். இப்படத்தைப் பின்னர் இராணுவமே பயிற்சிக்குப் பயன்படுத்தியதாகச் செய்திகள் வந்தன. சாவடியைச் சாடும் படம் சாவடிக்கு நல்லொழுக்கப் பாடமாக மாறிய விந்தையை என்னென்பது?

இந்த விந்தையை எவரினும் கூர்மையாக உணர்ந்தவர், அமைப்பைத் தொடங்கிய மூவருள் ஒருவரான யெகுதித் கிர்ஸ்டைன் கெஷெத். சாவடிக் கண்காணிப்பைப் பற்றி 2006-இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது நூல் தம் தோழியரைப் புகழும் நூலன்று. நாங்கள் நிற்பதால் வீரனின் குரல் தாழ்கிறது, உண்மை. ஆனால் அதனால் அந்த வாயில் தாங்கத்தக்கதாகிவிடவில்லையா, எங்கள் கருணை அதன் கீலுக்கு எண்ணெயாகிவிடவில்லையா என்னும் ஐயம் நூல் முழுவதும் ஊடாடுகிறது. அது அலங்கார ஐயமன்று. முதியோருக்கும் பெண்களுக்குமென 'மனிதநேய வழி' என்று சாவடிகளிலேயே தனி வரிசை வந்ததை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

அவ்வையத்தை நாம் மதிக்கிறோம், முழுவதும் ஏற்கவில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் உவமையில் குருவும் பார்த்தார், லேவியரும் பார்த்தார், சமாரியரும் பார்த்தார். (குருக்களாகிய எமக்கு அந்த உவமை ஒருபோதும் இதமானதன்று.) சமாரியர் அவ்வழியில் கள்வரை ஒழிக்கவில்லை, அதற்காக அவர் வார்த்த எண்ணெயும் இரசமும் கள்வருக்குத் துணைபோயின என்று எவரும் கூறுவதில்லை. பிரசவ வேதனையில் நிற்பவள் இன்று கடந்து செல்லவேண்டும்; கொள்கை நாளை வரட்டும். நூலின் குறையாக நமக்குப் படுவது வேறொன்று. பயணி அதில் பெரும்பாலும் வரிசையில் நிற்பவராகவே இருக்கிறார். வாயிலுக்கு அப்பால் அவருடைய வீடு எப்படிப்பட்டது, அங்கே யார் காத்திருக்கிறார் என்பது தெரிவதில்லை.

அந்த வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்வது பாலஸ்தீன வம்சாவளியினரான பரா நபுல்சி இயக்கிய 'தி பிரசண்ட்' (2020) என்னும் இருபத்து நான்கு நிமிடக் குறும்படம். திருமண நாள் பரிசாக மனைவிக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கச் செல்கிறார் யூசுப், சிறு மகளோடு. போகவர ஒரு சாவடி, அவ்வளவே கதை. முதுகுவலி கொண்ட அந்த மனிதர் மகளின் கண்முன் சிறுமைப்படுவதை, வரிசைக்கு வெளியே நிற்கும் எந்தப் பார்வையாளராலும் எழுதியிருக்க முடியாது. மகள் பார்க்கிறாள் என்பதே அங்கே தண்டனை. பார்வை காக்கவும் செய்யும், காயப்படுத்தவும் செய்யும் என்பதை அப்பெண்களின் நூல் அறியாது. இந்தக் குறும்படம் அறியும்.

அதன் தொடக்கக் காட்சி பெத்லகேமின் உண்மையான சாவடியிலேயே, விடியற்காலைக் கூட்டத்தினூடே படமாக்கப்பட்டது. நம் பங்குகளிலிருந்து திருப்பயணம் செல்வோரின் பேருந்தும் பெத்லகேமுக்கு அந்த மதிலைத் தாண்டித்தான் செல்கிறது. வெயில் ஏறிய பிறகு செல்வதால் அந்த வரிசையை நாம் காண்பதில்லை. பிறப்பிடத் தேவாலயத்தில் மண்டியிட்டு, ஒலிவ மரச் சிலுவை வாங்கித் திரும்புகிறோம். 2023 அக்டோபரில் போர் மூண்டபின் தொழிலாளரின் அனுமதிச்சீட்டுகளுள் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் இரவின் கடைசி யாமத்தில் நெருக்கியடித்து நின்ற அவ்விடத்தில், அதன்பின் எண்ணுவதற்கே ஆள் குறைந்துபோயிற்று. வரிசையை எண்ணப் பழகிய கண்களுக்கு, வர முடியாமல் வீட்டிலேயே இருப்பவரை எப்படி எண்ணுவது என்ற கேள்வி அன்று புதிதாக எழுந்தது.