விளம்பரப் படமும் மறைந்த பாதமும்
மலையகம் பற்றிய மூவகை ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

சொல்பவர் எவராயினும் சொல்லின் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவென்றார் திருவள்ளுவர். இவ்விலக்கணம் நூல்களுக்கும் சொற்பொழிவுகளுக்கும் மட்டும் உரியதன்று. இன்று மக்களை மிகுதியாக வந்தடையும் சொல் விளம்பரத்தின் சொல்லே; அவர்கள் மிகுதியாகக் காணும் ஓவியமும் விளம்பரத்தின் ஓவியமே. ஆயினும் காவியத்தையும் கவிதையையும் நுணுகி நோக்கும் திறனாய்வாளர், தேயிலைப் பெட்டியின்மேல் ஒட்டிய படத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது அரிது. அக்குறையை நிறைவு செய்ய முன்வந்தோர் பலர் பிற துறையினர் என்பது சிந்தனைக்குரியது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துச் செவிநோய் அறுவை மருத்துவப் பேராசிரியர் றொபேட் ஜாக்லர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாவர். உட்செவியில் நுண்கருவி பொருத்திக் கேளாதார்க்குக் கேட்கும் ஆற்றலை அளிக்கும் சிகிச்சை, அவர் சார்ந்த துறையின் அரிய பேறுகளுள் ஒன்று. அத்துறையில் நின்றுகொண்டே அவர் புகையிலை விளம்பரங்களைத் திரட்டி ஆராயும் குழுவொன்றை 2007 இல் நிறுவினார். பிற சிகரெட்டுகளைவிடத் தம் சிகரெட்டையே மருத்துவர் மிகுதியாகப் புகைப்பதாக 1946 இல் ‘கமல்’ சிகரெட் விளம்பரம் பறைசாற்றியது. மருத்துவரின் வெண்ணிற அங்கியே நஞ்சுக்கு நற்சான்றாக நின்ற காலம் அது. 2015 இல் சந்தைக்கு வந்த ‘ஜூல்’ என்னும் மின்னணுச் சிகரெட்டின் முதல் மூன்றாண்டு விளம்பரங்களையும் அக்குழு ஆராய்ந்து, 2019 இல் அறிக்கை வெளியிட்டது. இளையோர் முகங்களும் களிப்பூட்டும் வண்ணங்களும் கொண்டு அவ்விளம்பரங்கள் பழைய சிகரெட்டின் வழியையே பின்பற்றின என்பது அவ்வறிக்கையால் விளங்கிற்று. விளம்பரத்தைத் தனியே வைத்து நோக்காது, அது தொடும் மனித உடலின் அருகே வைத்து நோக்க வேண்டும் என்பதே இவ்வாய்விலிருந்து பெறத்தக்க முறை.

தேயிலை புகையிலை போன்று நஞ்சன்று. எனவே இம்முறையைத் தேயிலை விளம்பரத்துக்கும் பொருத்துவது முறையாகுமோ என்னும் ஐயம் எழக்கூடும். புகையிலை விளம்பரம் மறைத்தது நுகர்வோரின் உடலுக்கு நேரும் கேட்டினை. தேயிலை விளம்பரம் மறைத்தது உழைப்போரின் உடல்நிலையை. மறைக்கப்படும் உடல் வேறாயினும் மறைத்தலாகிய செயல் ஒன்றே.

1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதோடு இலங்கையில் வாணிகத் தேயிலைச் செய்கை தொடங்கிற்று. 1890 இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கலத்துக்கு வருவது தம் தேயிலை என விளம்பரம் செய்தார். 1932 இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையும் தோன்றிற்று. தோட்டத்துக்கும் தேநீர்க் கலத்துக்கும் இடையே எத்தனை செயல்கள் உள்ளன! கொழுந்து கிள்ளுதல், நிறுத்தல், வாட்டுதல், அரைத்தல், நொதிக்க வைத்தல், உலர்த்துதல், சலித்தல் எனத் தொடரும் உழைப்பு முழுவதையும் ‘நேரே’ என்னும் ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. எஞ்சியிருப்பது பச்சை மலைச்சரிவும், தலையில் கட்டிய கூடையும், புன்னகை பூத்த ஒரு பெண்ணின் முகமுமே.

இப்படங்களை முறையாக ஆராய்ந்தவர் ஆனந்தி இராமமூர்த்தி. பிரித்தானிய விளம்பரங்களில் ஆபிரிக்க, ஆசிய மக்கள் சித்திரிக்கப்பட்ட வகையை ஆராயும் அவரது ஆங்கில நூல் 2003 இல் வெளிவந்தது. அதன் தேயிலை பற்றிய இயல், தோட்டம் முதல் கடை வரை அனைத்தையும் தம் பிடியில் வைத்திருந்த வாணிக முறைக்கும், ஒழுங்காகவும் அமைதியாகவும் கொழுந்து கிள்ளும் பெண்ணின் படத்துக்கும் உள்ள உறவை வெளிப்படுத்துகிறது. படத்தின் அழகு வாணிகத்தின் ஆட்சியை இயல்பானதாகத் தோற்றுவித்தது என்பது அவர் துணிபு. ஓவியத்தைப் பொருளாதாரத்தோடு இணைத்துக் காட்டியது அந்நூலின் சிறப்பு. எனினும், பிரித்தானிய விளம்பரமே அந்நூலின் பொருளாதலின், படத்திலுள்ள பெண் தன்னைப்பற்றி என்ன கூறினாள் என்பதற்கு அங்கு இடம் வாய்க்கவில்லை.

கொழுந்து கிள்ளுவோரைக் காட்டும் படங்களில் தேயிலைச் செடி அவர்தம் இடைக்குக் கீழுள்ள பகுதியை மறைத்து நிற்பது வழக்கம். பாதங்கள் தோன்றுவதில்லை. கொழுக்கிப்புழு உடலுட் புகுவது அச்செருப்பில்லாப் பாதங்களின் தோல் வழியாகவே. படம் முடியும் அவ்விடத்திலேயே சோம ஹேவ என்பாரின் ஆராய்ச்சி தொடங்குகிறது. 1916 இல் மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் றொக்கபெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை அவரது 1995 ஆம் ஆண்டு நூல் ஆராய்கிறது. லயங்களின் நெருக்கமும் மலகூட வசதியின்மையும் நோயை வளர்த்தன. மருந்துண்டு தேறியோர் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றனர். மலகூடம் அமைக்கும் செலவை ஏற்கத் தோட்டத் துரைமார் தயங்கினர். நோயின் வேர் தொழிலாளியின் அறியாமையில் மட்டுமன்று, தோட்ட அமைப்பிலும் இருந்தது என நிறுவியது இந்நூலின் வலிமை. ஆயின் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்ட இவ்வரலாற்றில் தொழிலாளி நோயாளியாகவே வருகிறாள். பாடுபவளாகவோ, சினப்பவளாகவோ, நகைப்பவளாகவோ வருவதில்லை.

முகத்தை ஒரு நூலிலும் பாதத்தை மற்றொரு நூலிலும் கண்டபின், குரலைத் தேடுவார்க்கு வழிகாட்டுபவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914 இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் அவரது ஆங்கிலக் கவிதை, விடியலில் பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலியையும், நினைவுக்கல்லின்றித் தேயிலைக்கடியில் உறங்கும் முன்னோரையும் பொருளாகக் கொண்டது. 1970 இல் வெளிவந்த ‘போர்ன் டு லேபர்’ தோட்டத்து மாந்தரின் வாழ்க்கைச் சித்திரங்களைத் தந்தது. இவற்றினும் மேலாக, மலைநாட்டு மக்கள் பாடல்களை அவர் திரட்டித் தந்தமை ஆராய்ச்சி உலகுக்குச் செய்த பெருந்தொண்டு. கங்காணியின் கடுமை, நிறுவையில் நேரும் வஞ்சனை, கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும் அச்சம், விட்டுவந்த ஊரின் ஏக்கம் ஆகியன மலைநாட்டு நாட்டார் பாடல்களின் நிலையான பொருள்கள். விளம்பரத்தின் மௌனப் படத்துக்கு அப்படத்திலுள்ளாரே அளித்த மறுமொழி அப்பாடல்கள் எனலாம்.

சி. வி.யின் பணியும் குறையற்றதன்று. ஆங்கிலக் கவிதை யாரைப் பாடிற்றோ அவர்களுக்கு அது எட்டவில்லை. சக்தீ பால ஐயாவின் தமிழாக்கமான ‘தேயிலைத் தோட்டத்திலே’ வந்த பின்னரே அவ்விடைவெளி ஓரளவு நீங்கிற்று. அன்றியும், கவிஞனின் உருக்கம் நோயின் காரணத்தையோ வாணிகத்தின் கணக்கையோ நிறுவாது. அதற்கு ஏனைய இருவரின் நூல்களும் வேண்டும்.

இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, தனித்தனியே நோக்கின் புலப்படாத உண்மையொன்று புலனாகிறது. கொழுந்து கிள்ளும் பெண்ணின் முகம் உலகச் சந்தையில் இலங்கையின் முகமாக விளங்கியது. அந்நிலையிலேயே 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பெண்ணினத்தாருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. நாட்டின் அடையாளமாகப் படத்தில் நின்றவள் நாட்டின் பிரசையாகப் பதிவேட்டில் நிற்க இயலவில்லை. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. படத்தை மட்டும் ஆராய்வார்க்கு இது சட்ட வரலாறு. சட்டத்தை மட்டும் ஆராய்வார்க்குப் படம் வெறும் அலங்காரம். இரண்டையும் சேர்த்துக் காண்பார்க்கே முரண் விளங்கும்.

இன்றைய கல்வி துறை துறையாகப் பிரிந்து செல்கிறது. மருத்துவம் பயில்வோன் கவிதையைத் தன் பொருளன்று என ஒதுக்குகிறான். இலக்கியம் பயில்வோன் நோயின் வரலாற்றைத் தன் பொருளன்று என ஒதுக்குகிறான். பிரிவு நுட்பத்துக்கு உதவும். ஆனால் முழு மனிதரைக் காண்பதற்கு உதவாது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கற்கும் மாணவர்க்கு இவ்வகையில் வெளிநாட்டு ஆய்வாளர்க்கு இல்லாத வாய்ப்புண்டு. பெட்டியின் மேலுள்ள படம் அவர்களுட் பலருக்குத் தாயின் அல்லது பாட்டியின் படம். அம்முதியோர் பாடும் பாடல்களை எழுதிவைத்தலும், அவர்தம் நோயையும் வேலையையும் கேட்டறிதலும், அவற்றை விளம்பரத்தின் கூற்றோடு ஒப்பிட்டுக் காண்பதும் பள்ளி மாணவராலும் இயலும். பாடிய முதியோர் மறைந்துகொண்டிருக்கின்றனர். விளம்பரப் படங்களோ காப்பகங்களில் பழுதின்றி இருக்கின்றன. கேட்க வேண்டியதைக் காலத்தே கேட்டுப் பதிவு செய்யாவிடில், மலையக மக்களின் வரலாற்றுக்குப் படமே சான்றாக எஞ்சும். அதில் பாதமும் இராது, குரலும் இராது.