குடியும் குடும்பமும் நம் எழுத்தும்

மதுவைக் கண்டிக்கும் எழுத்துக்குத் தமிழில் பஞ்சமில்லை. வள்ளுவர் 93ஆம் அதிகாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். ஆயினும், குடிப்பவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோரைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால், விடை மிகச் சுருங்கிவிடுகிறது.

கள்ளுண்ணாமை அதிகாரத்தில் தாய் ஒருமுறை தோன்றுகிறாள். பெற்றவள் முன்னிலையிலேயே துன்பந்தரும் களிப்பு, சான்றோர் முன்னிலையில் என்னாகும் என்பது வள்ளுவர் எழுப்பும் வினா. தாயின் முகம் இங்கே மகனின் இழிவை அளக்கும் கோல். அவள் துயரம் பேசப்படவில்லை. அறநூலிடம் கதையை எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் பிற்காலக் கதையும் நாடகமும் அதே கோலைக் கைவிடாதிருப்பது வருந்தத்தக்கது.

புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்' இவ்வழக்கத்தை உடைத்தது. குதிரை வண்டிக்காரன் முருகேசன் குடிவெறியில் வண்டியோட்டிக் காயப்பட்டுக் கிடக்கிறான். ஆலைத் தொழிலாளியான மனைவி அம்மாளு, அவனுக்குப் பால்கஞ்சி வார்க்க முக்கால் ரூபாய்க்குத் தன்னை விற்கிறாள். கற்பு பேசுவோரையே கதை குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அதன் பெருமை அதுவே. ஆனால் அம்மாளுவுக்குத் துணையாக எவரும் வருவதில்லை. அத்துணை யார் என்ற கேள்வியைப் பின்வந்தோர் தொடர்ந்திருக்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அம்மாளுகள் இன்றும் உள்ளனர். 2004இன் ஆழிப்பேரலையும் 2009இல் முடிந்த போரும் விட்டுச்சென்ற இழப்புகளோடு கசிப்பும் சாராயமும் சேர்ந்துகொண்ட வீடுகள் பல. வளைகுடா நாட்டில் பணிப்பெண்ணாய் உழைத்து அனுப்பும் பணமும் நுண்கடன் தவணையும் போத்தலில் கரைவதைக் காணாத கிராமம் அரிது. கல்குடாவில் எதனோல் தொழிற்சாலை எழுவதை எதிர்த்து 2017இல் மக்கள் கிளர்ந்தனர். அது நியாயமான எதிர்ப்பு. இலாபம் காண்பவனும் வரி காணும் அரசும் இருக்க, குடிப்பவனை மட்டும் ஏசுவது நேர்மையாகுமா?

நம் பாடசாலை மேடைகளில் ஏறும் மதுவொழிப்பு நாடகங்களை நோக்குவோம். முதற்காட்சியில் கணவன் தள்ளாடுகிறான், சபை சிரிக்கிறது. இறுதிக்காட்சியில் மனைவியின் கண்ணீர் கண்டு போத்தலை உடைக்கிறான், சபை கைதட்டுகிறது. சிரிக்கும் பிள்ளைகளிடையே, தன் தகப்பனைக் கண்டு தலைகுனியும் பிள்ளையும் இருக்கிறது. கண்ணீர் குடியை மாற்றும் என்றால், மாறாத கணவனைப் பெற்றவள் போதிய அளவு அழவில்லை என்றன்றோ பொருள்? ஆறுதல் கூற வந்த நாடகம் அவள் தலையில் பழியை ஏற்றுகிறது.

அமெரிக்காவில் 1935இல் குடிநோயாளர் ஒருவருக்கொருவர் உதவ ஒன்றுகூடினர். அவர்தம் உறவினர்க்கென 'அல்-அனொன்' 1951இல் தோன்றியது. குடியை உண்டாக்கியவர்கள் நாங்களல்லர், அதை அடக்கும் ஆற்றலும் எம்மிடமில்லை என்பதே அங்கு கற்கும் முதற்பாடம். அதன் சமயச் சாயலை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் மாதர் சங்கங்கள் உண்டு, பாடசாலைகள் உண்டு. அவன் திருந்தட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திராமல், இன்றே அவளுக்குக் காது கொடுக்கலாம். அடி விழும் இரவில் அவளும் பிள்ளைகளும் தங்க இடம் கொடுக்கலாம். குடிக்கக் கடன் மறுக்கும் நண்பனே அரிசியோடு அவ்வீட்டுப் படலையைத் திறக்கலாம்.

இவை சிறு செயல்கள்தாம். ஆயினும் இவற்றை எழுதுவதே யதார்த்தம். அவன் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அவள் வாழவேண்டும். அந்த வாழ்வைக் கதைப்பொருளாக்கும் எழுத்தையே நாம் எதிர்பார்க்கிறோம்.