கவலையின் கணக்கு: புவி வெப்ப விவாதமும் ஆரணித் தறிகளும்

எதையும் எதிரெதிர் அணிகளாகப் பிரித்து வழக்காடிப் பார்ப்பது தமிழருக்குப் பழகிய முறை. பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே உண்டு. கடந்த நூற்றாண்டில் காரைக்குடிக் கம்பன் விழா மேடை அதற்கு இலக்கிய மதிப்பைத் தந்தது. பிறகு தொலைக்காட்சி அதைப் பண்டிகைக் காலை நிகழ்ச்சியாக்கியது. ‘புவி வெப்பமடைவது கவலைப்பட வேண்டிய பிரச்சினையா, ஊதிப் பெருக்கப்பட்ட அச்சமா?’ என்ற கேள்வியும் இன்று இதே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. ஓர் அணி உலகம் அழியப்போகிறது என்னும். மறு அணி நமக்கு ஆயிரம் வேலை இருக்கிறது என்னும். நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று முடிப்பார். இந்த விவாத முறையால் நமக்குக் கிடைத்தது என்ன, கெட்டது என்ன என்று எடைபோட, மேடையை விட்டு இறங்கி ஒரு தொழில் ஊரில் அதை வைத்துப் பார்ப்பது நல்லது.

ஆரணி அதற்குப் பொருத்தமான ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊர் இரண்டு பொருள்களுக்குப் பெயர் பெற்றது: பட்டுச்சேலை, பொன்னி அரிசி. சேலை ஆரணியிலும் ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் வீட்டுத் தறிகளில் நெய்யப்படுகிறது. அரிசி ஆரணி, களம்பூர் ஆலைகளிலிருந்து தமிழகம் முழுக்கப் போகிறது. நெற்கதிரும் பட்டுப்புழுவும் வெப்பத்துக்கு மிகவும் கூச்சப்படும் உயிர்கள். அருகிலுள்ள வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிய செய்தியே அன்று. ஆக, இரு அணியின் வாதங்களையும் இங்கே உரசிப் பார்க்கலாம்.

முதலில் விவாதத்தின் நல்ல பக்கம். சந்தேகம் கேட்பவர்களால் அறிவியல் பலமுறை பயனடைந்திருக்கிறது. அதற்கு இந்தியாவே சான்று. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி தன் 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகக்கூடும் என்று எழுதியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மூத்த அறிஞர் வி.கே. ரெய்னா 2009 நவம்பரில் அதற்கு மாறான ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் அதற்கு மேடை கொடுத்தார். ஐபிசிசி தலைவராக இருந்த ஆர்.கே. பச்சௌரி அதை மந்திரவாத அறிவியல் என்று ஏளனம் செய்தார். குறிப்பு வெளியாகி மூன்று மாதம்கூடக் கழியவில்லை. 2010 ஜனவரியில் ஐபிசிசியே 2035 என்ற கணிப்பு சரியான ஆதாரமின்றி இடம்பெற்றுவிட்டது என்று வருத்தம் தெரிவித்தது. கேள்வி கேட்கப்படாமல் இருந்திருந்தால் அந்தப் பிழை பாடநூல்களில் ஏறியிருக்கும்.

இன்னொரு சான்று 1991-இல். அமெரிக்காவிலுள்ள உலக வளங்கள் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட கணக்கு, இந்தியாவையும் சீனாவையும் உலகின் முதல் ஐந்து பெரிய மாசாளர்களோடு சேர்த்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அந்தக் கணக்கை மறுத்து ஒரு நூல் எழுதினார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக நெல் வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் மீத்தேனும், வசதிக்காகக் கார்களிலிருந்து எழும் கரியும் ஒன்றா என்று கேட்டார்கள். தலைக்கு எவ்வளவு என்று பார் என்றார்கள். இன்று உலகப் பேச்சுவார்த்தைகளில் ‘காலநிலை நீதி’ என்று புழங்கும் சிந்தனையின் ஒரு முக்கிய வேர் அந்த மறுப்பில் இருக்கிறது. களம்பூர் நெல் வயலையும் டெட்ராய்ட் கார் ஆலையையும் ஒரே தட்டில் வைக்க விடாமல் தடுத்தது விவாதம்தான்.

இந்த இரண்டு சந்தேகங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டும் ஒரு குறிப்பிட்ட எண்ணை, ஒரு குறிப்பிட்ட கணக்கு முறையை எதிர்த்தன. பூமி சூடாகிறது என்பதை இரண்டும் மறுக்கவில்லை. 2035 பிழை திருத்தப்பட்ட பிறகும் பனியாறுகள் உருகுவது நிற்கவில்லை.

மேடை விவாதத்தின் முதல் குறை இங்கேதான் தெரிகிறது. கண்ணகியா மாதவியா என்ற கேள்விக்கு இரு அணிக்கும் சம நேரம் கொடுக்கலாம். அளந்து பார்த்துத் தீர்ந்துவிட்ட ஒன்றுக்குச் சம நேரம் கொடுப்பது கேட்பவரை ஏமாற்றும் வேலை. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது 1850-களின் சோதனைகளிலேயே தெரிந்தது. அது இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் 1896-இல் கையாலேயே கணக்குப் போட்டார். 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதில் வழக்கு இல்லை. எவ்வளவு வேகமாக, எங்கே, யாரை எப்படித் தாக்கும், தடுக்க யார் செலவு செய்வது என்பவற்றில் வழக்கு உண்டு. மேடைகளோ தீர்ந்த வழக்கை மீண்டும் மீண்டும் நடத்தி, தீராத வழக்கைத் தொடாமலே விடுகின்றன.

‘கவலை வேண்டாம்’ அணியினர் சொல்லும் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடோ, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி உயர்வு சுமார் 0.7 டிகிரி என்கிறது. நமக்குப் பாதிப்பு குறைவு என்று இதை வாதிடுவார்கள். ஆனால் அதே மதிப்பீடு காரணத்தையும் சொல்கிறது: காற்றில் மிதக்கும் புகைத் துகள்களும் நிலப் பயன்பாட்டு மாற்றங்களும் வெப்ப உயர்வின் ஒரு பகுதியை மறைத்து வைத்திருக்கின்றன. புகையைக் குறைத்தால் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் மறைந்திருந்த வெப்பம் வெளியே வரும். மாசுக் காற்றின் தயவில் கிடைத்த குளிர்ச்சியை நிம்மதி என்று எண்ண முடியாது.

அந்த அணியின் மிக வலுவான வாதம் முன்னுரிமை பற்றியது. டென்மார்க்கைச் சேர்ந்த பியோன் லோம்போர்க் 2004-இல் கோபன்ஹேகனில் பொருளியலாளர்களைக் கூட்டி, உலகின் துயரங்களை வரிசைப்படுத்தச் சொன்னார். எய்ட்ஸ் தடுப்பும் ஊட்டச்சத்தும் மேலே வந்தன. காலநிலைத் திட்டங்கள் அடியில் நின்றன. இந்த வாதத்தை ஆரணித் தெருவுக்கு மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை. நெசவாளர் தாமே சொல்வார்: கோரா என்னும் கச்சாப் பட்டின் விலை ஏறுகிறது, தங்கம் ஏறுவதால் ஜரிகை விலை ஏறுகிறது, கூலி ஏறவில்லை, விசைத்தறிச் சேலை பாதி விலைக்குப் போகிறது, பையன் தறியில் உட்கார மாட்டேன் என்று கம்பெனி வேலைக்குப் போய்விட்டான், இதில் பூமி சூடாவதற்கு எங்கே இடம்? இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குபவர் விவாதத்துக்கே தகுதியற்றவர். சேலைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருக்கும்போதே விசைத்தறிப் போட்டியோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு, நாளைய வெப்பத்தைவிட இந்த வாரக் கூலி பெரிதாகத் தெரிவது இயல்பு.

ஆனாலும் இந்த வாதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. வெப்பத்தை அது பட்டியலின் கடைசியில் நிற்கும் தனித் துயரமாக எண்ணுகிறது. வெப்பம் அப்படித் தனியாக வருவதில்லை. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு வரியிலும் புகுந்து தொகையைக் கூட்டுகிறது. கூலியை எடுத்துக்கொள்வோம். பட்டு நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த வீட்டில், மதியம் தறியில் உட்கார முடியாமல் எழுந்துபோனால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. ஊடை நூலைத் தாரில் சுற்றும் பெண்ணுக்கும் அதே கதை. கைத்தறி நெசவாளருக்கான இலவச மின்சாரத்தை அரசு 2023-இல் இரு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் வெளிக்காற்று 40 டிகிரியாக இருக்கும்போது மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றித் தரும். வறண்ட காற்றில் பட்டிழையும் விறைத்து அறுபடும். அறுந்த இழையைப் பிணைக்கும் நேரத்துக்கும் தனிக் கூலி கிடையாது.

கோரா விலையிலும் வெப்பத்துக்குப் பங்குண்டு. பட்டுப்புழு நன்றாக வளர 24 முதல் 28 டிகிரி வரையிலான சூடும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். தரமான இழை தரும் வெண்பட்டுக்கூட்டு ரகம், பழைய மஞ்சள் கூட்டுக் கலப்பு ரகத்தைவிட வெயிலுக்குச் சீக்கிரம் சோர்ந்துபோகும். கர்நாடகத்திலும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலும் கோடையில் கூடு இளைத்தால், அதன் விலை ஆரணிப் பாவில் ஏறும். மழையும் அப்படியே. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். குழித்தறியில் தண்ணீர் ஊறினால் குழி காயும்வரை வேலை நிற்கும். நெல்லும் தப்பவில்லை: பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில் செய்து 2004-இல் வெளியான ஆய்வு, வளர்பருவத்தில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைவதைக் காட்டியது.

‘கவலைப்படு’ அணியையும் சும்மா விடலாகாது. எல்லாக் கேட்டையும் புவி வெப்பத்தின் தலையில் கட்டுவது அதன் நோய். ஆறு வறண்டால் வெப்பம், வெள்ளம் வந்தால் வெப்பம், வீடு புழுங்கினால் வெப்பம் என்றால், மணல் அள்ளியவரும் ஏரியை ஆக்கிரமித்தவரும் சாயக்கழிவை வாய்க்காலில் விட்டவரும் தப்பித்துவிடுவார்கள். ஓட்டு வீட்டை இடித்து ஷீட் போட்டதால் ஏறிய சூட்டில் புவி வெப்பத்துக்குப் பங்கில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில், மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். சூடேறிய கடல் இத்தகைய மழையை வலுப்படுத்தும் என்பது உண்மை. சரிவில் வீடு கட்ட நேர்ந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது திறனாய்வு ஆகாது.

இந்த அணியின் இரண்டாவது குறை, சுமையைத் தவறான தோளில் ஏற்றுவது. ‘மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம்’ என்ற அறிவுரை பெரும்பாலும் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கும் கிராமத்தாருக்கும்தான் போய்ச் சேருகிறது. ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சராசரியாக 2 டன்; ஓர் அமெரிக்கர் வெளியிடுவது 14 டன் அளவில். குழித்தறியோ காலாலும் கையாலும் ஓடுவது. அதைப் ‘பசுமைத் தொழில்’ என்று விளம்பரத்தில் பாராட்டுபவர்கள், அந்தப் பசுமைக்காகக் கூலியில் ஒரு ரூபாய் கூட்டித் தருவதில்லை. நெசவாளரின் வறுமையைச் சுற்றுச்சூழல் ஒழுக்கமாகக் கொண்டாடுவது, அவரைக் குறை சொல்வதைவிடக் கொடியது.

அப்படியானால் நல்ல விவாதம் எதில் போய் முடியும்? அகமதாபாத்தைப் பார்க்கலாம். 2010 மே மாத வெப்ப அலையில் அங்கே வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதன்பின் மாநகராட்சியும் ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தார்கள்: முன்னெச்சரிக்கை, மருத்துவமனைத் தயார்நிலை, தண்ணீர்ப் பந்தல். வெள்ளைப் பூச்சுக் கூரை பின்னர்ச் சேர்ந்தது. அதே ஊரில் பிறந்த சேவா பெண் தொழிலாளர் அமைப்பு, 2024 கோடையில் சுமார் 50,000 உறுப்பினர்களுக்கு வெப்பக் காப்பீடு ஏற்பாடு செய்தது. வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால், வருமானம் இழந்ததற்குச் சான்றிதழ் கேட்காமல் பணம் போய்ச் சேரும். இந்தத் திட்டங்களின் பயனைப் பற்றித் தாராளமாக வழக்காடலாம். அந்த வழக்காடல் யாருடைய நேரத்தையும் வீணாக்காது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. முக்கியமான முடிவு இது. ஆனால் உயிரோடு இருந்து கூலியை மட்டும் இழப்பவருக்கு அதில் வழி இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வேலையிடத்தின் காற்றோட்டம், வெப்பநிலை பற்றிப் பேசியது. வீட்டுக்குள் தறி போட்டவருக்கு அந்தச் சட்டம் வாசல்படியோடு நின்றுவிட்டது.

தீர்ப்பு இதுதான்: புவி வெப்பம் கவலைப்படத் தக்கதா என்ற விவாதம் பிழைகளைத் திருத்தியது, நீதியின் கேள்வியை எழுப்பியது, அந்த அளவில் அது வாழட்டும். ‘உண்டா இல்லையா’ என்ற பழைய தலைப்போடு நடக்கும் மேடைகள் காலத்தை வீணாக்குகின்றன. ஆரணியில் இதை வேறு விதமாகத் தொடங்கலாம். கூட்டுறவுச் சங்கங்கள் கோடையிலும் பெருமழையிலும் ஒவ்வொரு தறியும் எத்தனை நாள் நின்றது என்று பதிவு செய்யட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வெப்பப் பேரிடர் நிவாரணத்தில் வீட்டு நெசவாளரின் கூலியிழப்பையும் சேர்க்க வேண்டும் என்று அரசிடம் கேட்போம்.